சனிக்கிழமைத் தமிழ்: கால அட்டவணைக்கு வெளியே நடந்த வரலாறு



எங்கள் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளம் ஆசிரியர் ஒருவர், ஆசிரியர் அறையில் வைத்து என்னிடம் கேட்டார்: "டீச்சர், நீங்க சனிக்கிழமை எடுக்கிற இலக்கிய வகுப்புக்கு அலவன்ஸ் உண்டா?" இல்லை என்றேன். "பெட்ரோல் காசாவது?" அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவது கேள்வியைப் போட்டார். "அப்ப ஏன் அதைக் கால அட்டவணையில போடல?"

முதல் இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன எனக்கு மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை. "எப்பவும் அப்படித்தான் சார்" என்று சமாளித்தேன். எப்பவும் என்றால் எப்போதிலிருந்து? வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. படிவம் ஒன்று முதல் ஐந்து வரை தமிழ் சொல்லிக்கொடுப்பவள். ஆனாலும் நம் தொழிலின் இந்த ஒரு பக்கத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னோடு சண்டை போட்டாலும் மகிழ்ச்சிதான்.

நம் நாட்டில் தமிழ்க்கல்வி வரலாறு என்றாலே 1816 அக்டோபர் 21, பினாங்கு ஃபிரீ ஸ்கூல், பாதிரியார் ஹட்சிங்ஸ் என்று தொடங்குவோம். 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம், பேச்சுப்போட்டி எல்லாம் வைத்தோம். நல்லது. ஆனால் அந்தப் பள்ளியின் தமிழ் வகுப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளி இந்த மண்ணில் பரவலாக வேர்விட்டது தோட்டத்தில்தான். அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஏழு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் அங்கே பள்ளி வைக்க வேண்டும் என்றது. அது கூட்டு மலாய் மாநிலங்களுக்கான சட்டம். நான் வேலை செய்யும் கெடா அப்போது அந்தக் கூட்டில் சேராத மாநிலம். இந்த 'பத்து' என்கிற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு எண் வரப்போகிறது.

சட்டம் பள்ளி வேண்டும் என்றது. சொல்லிக்கொடுக்கத் தகுதியான ஆள் வேண்டும் என்பதை அந்த அளவு அழுத்திச் சொல்லவில்லை. அதனால் பல தோட்டங்களில் பள்ளிக்கூடம் என்பது லயத்தின் ஒரு கோடி அறை, அல்லது ஆயாக்கொட்டகையை ஒட்டிய ஒரு தாழ்வாரம். ஆசிரியர் என்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியாக இருப்பார், கங்காணியாக இருப்பார், மருந்து கொடுப்பவராகக்கூட இருப்பார். விடியும் முன்பே பெரட்டு. அதன் பிறகு வெட்டுக்காடு. அம்மா அப்பாவுக்கு உதவியாகப் பால் எடுக்கப் போன பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளை என்று எல்லாரும் வந்து சேர்ந்த நேரத்தில் பாடம். மூன்று நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே வாத்தியாரிடம்.

அந்த வாத்தியாரைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் அதிகமாகவே உருகிவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். எல்லாரும் தியாகிகள் இல்லை. கூடுதலாக வரும் நாலு காசுக்காக வகுப்பெடுத்தவர்கள் இருந்தார்கள். நிர்வாகியின் முகத்தைப் பார்த்தே வாய் திறந்தவர்கள் இருந்தார்கள். வேலைக்கு வைத்தவரும் வீடு கொடுத்தவரும் அதே துரைதான் என்னும்போது வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் அவர்களிலும் சிலர், சம்பளத்தில் எழுதப்படாத வேலையை எல்லாம் தலையில் போட்டுக்கொண்டார்கள். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, சாயங்காலம் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பது, திருவிழாவுக்கு நாடகம் பழக்குவது, தொழிலாளர் இலாகாவுக்கு மனு எழுதுவது. இன்று நாம் 'தன்னார்வப் பணி' என்று அறிக்கையில் எழுதுவதன் முதல் வடிவம் அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாத்தியார்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதிய கடிதங்கள் போய்விட்டன, போட்ட நாடகங்கள் போய்விட்டன. பள்ளிகள் மட்டும் இருந்தன. காரணம், பள்ளி சட்டத்தில் இருந்தது. 1957இல், சுதந்திரம் அடைந்த ஆண்டில், மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பலவும் சின்னஞ்சிறு பள்ளிகள், பலகைச் சுவர் பள்ளிகள், ஆனால் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதும், குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்ததும், சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டதும் சேர்ந்த கதை அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போருக்குப் பிந்திய காலத்துக்கு வருகிறேன். என் பள்ளியிலிருந்து கார் ஓட்டினால் பீடோங் பக்கம்தான். அங்கே உள்ள ஹார்வர்ட் தோட்டத்தின் பெயர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1946, 47இல் கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்று ஓர் இயக்கம் எழுந்தது. ஏ.எம். சாமி என்பவர் தலைமை. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்கள் போக மிச்சம் இருந்த மக்கள், கள்ளுக்கடையை மூடு என்று கிளம்பினார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல், 1947 தொடக்கத்தில் போலீசுடன் மோதல், கைது, பிறகு ஒடுக்குமுறை. படை கலைந்தது.

வகுப்பறைக்கும் கள்ளுக்கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகிற காசுதான் பிள்ளையின் சிலேட்டுக்குப் போக வேண்டிய காசு. அதை மாற்றச் சம்பளம் வாங்காமல் நின்றவர்களுக்கு 'தொண்டர்' என்று பெயர். இந்த வட்டாரத்தில் வயதானவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரல் சற்று மாறுவதை நான் கேட்டிருக்கிறேன். நாம் இப்போது அதே சொல்லைச் சான்றிதழில் அச்சடித்து, மூன்று மணி நேரம் குப்பை பொறுக்கிய மாணவனுக்குக் கொடுக்கிறோம். தவறென்று சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன்.

அதே காலத்தில் இன்னொரு வகைத் தொண்டு பத்திரிகைகளில் நடந்தது. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பெயரைப் பாருங்கள், வகுப்பு! கூரையில்லாத, மணியடிக்காத வகுப்பு. தபாலில் கதை வரும், பத்திரிகையில் திருத்தம் வரும். அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியாக மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். அதன் தொடர்ச்சியாக ஊர் ஊராக எழுந்த மணிமன்றங்கள் இங்கே நம் அப்பா தாத்தா தலைமுறையின் இரவுப் பள்ளிகளாகவே இருந்தன. மேடை நடுக்கம் போனது அங்கேதான் என்று சொல்லும் பெரியவர்களை இன்றும் பார்க்கலாம்.

சாரங்கபாணி செய்த இன்னொரு வேலை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1950களின் நடுவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்குமா என்ற கவலை எழுந்தபோது, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார்கள். வசதியானவர்கள் மட்டுமல்ல, கூலித் தொழிலாளர்களும் தங்களால் ஆன வெள்ளியைக் கொடுத்தார்கள். 1956இல் துறை அமைந்தது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் 1960களில் அதன் தலைவராக இருந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இந்திய ஆய்வியல் துறையில் படித்துவிட்டு வந்த ஆசிரியர்கள் நம் சங்கத்திலேயே எத்தனை பேர்! அந்த வெள்ளிகளைக் கொடுத்தவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் கொடுத்தது நிற்கிறது. ஏனென்றால் அது ஒரு துறையாக மாறியது. ஆளை நம்பி நிற்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இரண்டாவது எண். பதினைந்து.

நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே மே 16, அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டார்கள். ஆசிரியர் அறையில் கேட்டால் அதைவிட மோசம். 1956 மே 16 அன்றுதான் கூட்டரசு சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பூங்கொத்தும் குவளையும் வாங்கிக்கொள்கிற அந்த நாளின் அடியில் ஒரு கல்வி அறிக்கை இருக்கிறது. அந்த அறிக்கையில், பொதுப்பணத்தில் நடக்கும் தொடக்கப்பள்ளி எதிலும் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்யப்படும் என்ற விதி இருக்கிறது. இன்று நடப்பில் உள்ள 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தேசியப் பள்ளிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் சேர்த்தே அதைச் சொல்கிறது: குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டும். இந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பத்துப் பிள்ளை இருந்தாலே பள்ளி வை என்றது 1912ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே யாரும் கேட்கத் தேவையில்லை, தலையை எண்ணினால் போதும். பதினைந்து அப்படி இல்லை. பிள்ளை நூறு பேர் இருந்தாலும் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

நம் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன் பிறகு பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும், சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்துப் போவார்கள். அங்கே தமிழ் என்பது மற்ற பாடங்களைப் போல எல்லாருக்கும் உரிய பாடம் இல்லை. 'பி.ஓ.எல்.' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் தாய்மொழி வகுப்பு. நல்ல பள்ளியாக, தமிழ் மாணவர் நிறைய உள்ள பள்ளியாக இருந்தால் கால அட்டவணைக்குள் வரும். இல்லையென்றால் பள்ளி விட்ட பிறகு, அல்லது சனிக்கிழமை. மோட்டார் சைக்கிளில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு ஓடி, மணிக்கணக்குக்குச் சிறு ஊதியம் வாங்கிக்கொண்டு, சில சமயம் அதுவும் தாமதமாக வர, இந்த வகுப்புகளைக் கட்டி இழுத்தவர்கள் நம் மூத்த ஆசிரியர்கள். பலர் காலையில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மதியம் இங்கே வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் என் ஆசிரியர். நான் படிவம் நான்கு, ஐந்து படித்தபோது எங்களுக்குத் தமிழும் இலக்கியமும் அவர்தான். சனிக்கிழமை வகுப்பறையெல்லாம் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தேடினால் அரை மணி நேரம் போய்விடும். அதனால் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உட்காருவோம். கரும்பலகை கிடையாது. மஞ்சள் அட்டையில் எழுதிக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து வைப்பார். இந்தக் கட்டுரைக்காக ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் தெரியும்தானே, அதில் பதினோரு புத்தகம் எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் வந்தார்கள், என்ன பாடம், எல்லாம் அதில் இருக்கிறது. என் பெயருக்கு நேராக ஐந்தாறு இடத்தில் 'வரவில்லை'. வெட்கமாக இருந்தது.

"இதெல்லாம் ஸ்கூல் ஆபீசுல இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் குடுக்கல, அவங்களும் கேக்கல. கேட்டா வம்புன்னு நெனச்சேன். நம்ம பாட்டுக்கு நடத்திட்டுப் போவோம்னுதான்."

அவர் ஓய்வு பெற்ற ஆண்டே அந்த வகுப்பு நின்றது. பள்ளியைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் அப்படியொரு வகுப்பு இருந்ததே இல்லை. இல்லாத வகுப்புக்கு மாற்று ஆசிரியர் எப்படிக் கேட்பார்கள்? பதினோரு புத்தகத்தில் இருக்கிற வகுப்பு, பள்ளியின் ஒரு கோப்பிலும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு வந்து நான் மட்டும் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எனக்கும் அதேதான் நடந்திருந்தது. என் இரண்டாவது குழந்தை பிறந்தபோது மூன்று மாதம் விடுப்பில் இருந்தேன். தமிழ்மொழி வகுப்புக்கு மாற்று ஏற்பாடு வந்தது, கால அட்டவணையில் இருந்ததால். இலக்கிய வகுப்புக்கு வரவில்லை. அந்த ஆண்டு படிவம் ஐந்தில் ஒன்பது பேர் இலக்கியத்துக்குப் பதிந்திருந்தார்கள். நான் திரும்பியபோது நான்கு பேர். மற்ற ஐந்து பேரும் சோம்பேறிகள் இல்லை. நாவலும் நாடகமும் கவிதையும் தனியாக உட்கார்ந்து படிக்கிற விஷயமா? ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க இல்லன்னா அந்தப் பாடமே இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள். கேட்கிறவர்களுக்கு இது பாராட்டு மாதிரி இருக்கும். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்தின் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், இருந்தாலும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2009இல் அறிவிப்பு வந்தது. அறிவியல் துறைப் பிள்ளைக்குக் கட்டாயப் பாடங்களும் துறைப் பாடங்களும் சேர்ந்தாலே அந்தப் பத்து கிட்டத்தட்ட நிரம்பிவிடும். பிறகு தமிழ் எங்கே, இலக்கியம் எங்கே? சமுதாயத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. இயக்கங்கள் கூட்டம் போட்டன, மனு கொடுத்தன, பத்திரிகைகள் விடாமல் எழுதின. கடைசியில் ஆண்டு இறுதியில் அமைச்சரவை இறங்கிவந்து, பத்தோடு மேலும் இரண்டு எடுக்கலாம் என்றது. அந்த இரண்டில்தான் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் உட்கார்ந்திருக்கின்றன.

அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். எடுக்க அனுமதி கிடைத்தது. சொல்லிக்கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. இலக்கியம் பெரும்பாலான பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியேதான் இருக்கிறது. அந்த இடைவெளியை நாம் நம் சனிக்கிழமைகளால் அடைத்துக்கொண்டிருக்கிறோம். நன்றாக அடைத்தோமானால் வெளியே பார்க்கிறவர்களுக்கு இடைவெளியே தெரியாது. இதுதான் என் மனத்தாங்கல்.

நமக்கு வெளியேயும் இப்படி உழைத்தவர்கள் இருக்கிறார்கள். 1979இல் தொடங்கிய இ.டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கல்வி சமூக நல ஆய்வு அறவாரியம், 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். பல்கலைக்கழக மாணவர்களே வந்து வார இறுதியில் பாடம் சொல்லிக்கொடுத்து வளர்ந்த நிலையம் அது. அங்கே படித்துப் பட்டம் வாங்கிவிட்டு மறுபடி அங்கேயே சொல்லிக்கொடுக்க வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது பற்றை அல்ல, பற்றில் நாம் குறைந்தவர்கள் இல்லை. ஓர் ஆள் போனால் அடுத்த ஆள் வந்து உட்காரும்படி நாற்காலியை வைத்திருக்கிறார்களே, அதைத்தான்.

பிறகு 2020. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அந்த ஆண்டு எஸ்.பி.எம். தள்ளிப்போய் 2021 பிப்ரவரியில்தான் தொடங்கியது. நாம் என்னென்ன செய்தோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது. புலனத்தில் குரல்பதிவாகக் கவிதை விளக்கம். ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்கிற வீட்டுக்காக இரவு பத்து மணிக்கு வகுப்பு. செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்த என் மாணவன் ஒருவன் அலைவரிசை கிடைக்கும் ஒரே இடமான சாலை முனையில், அப்பாவின் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து நாடகப் பாத்திரப் படைப்புக் கட்டுரை எழுதினான். பக்கத்தில் லாரி போகும்போதெல்லாம் "டீச்சர், மறுபடி சொல்லுங்க" என்பான். அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் கொடுத்த நேரத்துக்கு எங்கே பதிவு இருக்கிறது? கைப்பேசி மாற்றியபோது என்னுடையது போயே போய்விட்டது.

இப்படியெல்லாம் நான் பேசும்போது மூத்த ஆசிரியை ஒருவர் என்னைக் கண்டித்தார். "கேக்காதம்மா. கேட்டா இருக்கறதும் போயிடும். இப்ப கண்டுக்காம விடறாங்க. பேப்பர்ல போட்டா, பாதுகாப்பு யாரு, சாவி யாரு, இன்சூரன்ஸ் யாருன்னு ஆரம்பிச்சு நிறுத்திடுவாங்க." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேட்டதால் நின்றுபோன வகுப்பும் உண்டு. முப்பது ஆண்டு அனுபவத்துக்கு முன்னால் நான் வாயடிக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது. கண்டுகொள்ளாமல் விடப்படும் வகுப்பு, நம் உடம்பு நன்றாக இருக்கும் வரை நடக்கும். நம் கணவரோ மனைவியோ வேறு மாநிலத்துக்கு மாற்றலாகும் வரை நடக்கும். மாணவர்களுக்கு அதில் உரிமை ஒன்றும் இல்லை, நம் நல்ல மனசுதான் இருக்கிறது. நல்ல மனசை நம்பி ஒரு பிள்ளை எஸ்.பி.எம். பாடம் எடுக்கலாமா?

தொண்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே சனிக்கிழமை போய்க்கொண்டுதான் இருக்கிறேன், என் மகள் "அம்மா இன்னிக்கும் ஸ்கூலா?" என்று கேட்கக் கேட்க. செய்வதைக் காகிதத்திலும் செய்வோம் என்கிறேன். கதை வகுப்பு அச்சில் இருந்ததால்தான் எழுபது ஆண்டு கழித்தும் அதைப் பற்றிப் பேச முடிகிறது. தோட்டத்து வாத்தியாரின் இரவு வகுப்பைப் பற்றிப் பேச முடியவில்லை.

போன ஆண்டு நான் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம், தேசிய மொழியிலும் தமிழிலும். பிள்ளையின் பெயர், படிவம், பெற்றோர் கையெழுத்து, 'தமிழ்மொழி கற்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம்' என்ற வாசகம். கடிதத்தைப் பையில் போட்டுவிட்டு மறந்துபோகும் மாணவர்களுக்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்து நாளில் வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். பதினைந்தோடு நிறுத்தாதீர்கள். நடு ஆண்டில் இரண்டு பேர் மாற்றலாகிப் போனால் பட்டியல் பதின்மூன்று ஆகிவிடும். எங்களுக்கு இருபத்து மூன்று கையெழுத்துக் கிடைத்தது. மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று முதல்வருக்கு, ஒன்று பணித்தியக் கோப்புக்கு, ஒன்று என்னிடம். முதல்வரிடம் கொடுக்கும்போது பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சனிக்கிழமை வகுப்புக்கும் வருகைப் பதிவேடு வைக்கிறேன், 555 புத்தகத்தில் அல்ல, பள்ளிப் பதிவேட்டிலேயே. தவணைக்கு ஒரு முறை அதைப் பணித்தியக் கூட்ட அறிக்கையில் இணைக்கிறேன். எத்தனை வாரம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பாடப்பகுதி முடிந்தது என்று மூன்று வரி போதும். நான் நாளைக்கு மாற்றலாகிப் போனாலும், அடுத்து வருகிறவர் கோப்பைத் திறந்தால் அங்கே ஒரு வகுப்பு இருப்பது தெரியும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கீழ்ப்படிவங்களில் பள்ளி முடிந்த பிறகு நடந்துகொண்டிருந்த தமிழ்மொழி வகுப்பு இந்த ஆண்டு கால அட்டவணைக்குள் வந்துவிட்டது. கடைசிப் பாடவேளை ஒன்று அதில் இருக்கிறது, பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள், பரவாயில்லை. இலக்கியத்துக்கு இடமில்லை என்று முதல்வர் சொல்லிவிட்டார். நியாயமாகத்தான் சொன்னார், அட்டவணையை என் முன்னாலேயே விரித்துக் காட்டினார். ஆனால் சனிக்கிழமை வகுப்பைப் பள்ளியின் அதிகாரப்பூர்வக் கூடுதல் வகுப்பாகப் பதிந்து, அறை ஒதுக்கிக் கடிதம் கொடுத்தார். சாவி இப்போது காவலரிடம் என் பெயரில் இருக்கிறது.

கேள்வி கேட்ட அந்த இளம் ஆசிரியரின் பெயரையும் அந்தக் கடிதத்தில் இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டேன். சொல்லாமல் சேர்த்ததற்கு ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். இப்போது நாடகப் பகுதியை அவர்தான் எடுக்கிறார்.

உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ பழைய தாய்மொழி வகுப்பின் வருகைப் பட்டியல், பெற்றோர் கடிதம், மூத்த ஆசிரியர்களின் குறிப்புப் புத்தகம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து நம் சங்கத்துக்கு அனுப்புங்கள். என் ஆசிரியரின் பதினோரு புத்தகங்களையும் நான் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்காவது புத்தகத்தில் இருக்கிறேன். நடுவில் இரண்டு பக்கம் கரையான் தின்றிருக்கிறது.